ரெண்டு பொண்ணுக்கு ஒரு பேப்பர்

கும்மிடிப்பூண்டி
3.2.2025

தவுடு,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிற. பன்னெண்டு தடவ அடிச்சேன். பக்கத்து ஊட்டு ரோஜா அவ போன்லருந்து அடிச்சா, அதையும் நீ எடுக்கல. அதான் லெட்டர். அஞ்சாவது படிச்சவ எழுதறது, தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

ஞாயித்துக்கிழம நீ சாப்புடாம கெளம்பிப் போனது எனக்குத் தொண்டையிலயே நிக்குது. எறாத் தொக்கு வெச்சது வெச்சபடி இருந்துச்சு. மறுநாள் வேலைக்குப் போறப்போ டப்பாவுல எடுத்துக்கினு போனேன். கூடப் பெருக்கறவங்க வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, பொண்ணு வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னேன்.

நீ கேட்ட பர்த் சர்டிபிகேட் தொலையல. தொலைஞ்சு போச்சுன்னு நான் சொன்னது பொய். அரிசி டின்னுக்கு அடியில கவர் போட்டு வெச்சிருக்கேன். நீ பீரோவ இழுத்துப் போட்டுத் தேடிக்கினு இருந்தப்போ நான் அந்த டின்னு மேலதான் சாஞ்சுக்கினு நின்னேன்.

ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. நீ கனடா போகக் கூடாதுன்னும் இல்ல. அந்தப் பேப்பர என் கையாலத் தூக்கி வெளிய குடுக்க முடியல, அவ்ளோதான். ஜெராக்ஸ் வேணா எடுத்து அனுப்பறேன். நைனா இருந்தா ஒனக்குப் புரியற மாதிரி சொல்லியிருப்பாரு. அவரு போயி வருஷம் திரும்பிடுச்சு. சொல்ல ஆளில்ல.

சாப்டியா. ஆஸ்டல் தண்ணி ஒத்துக்குதா.

அம்மா


வேப்பம்பட்டு
9.2.2025

அம்மாவுக்கு,

லெட்டர் வந்தது. வார்டன் ஏதோ கோர்ட் நோட்டீஸ் வந்த மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் நானும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. என்னைத் தவுடு என்று கூப்பிடாதே. கவர் மேலேயும் எழுதியிருக்கிறாய். நான் வேலை பார்க்கிற லேபில் தவிட்டு எண்ணெய் டெஸ்டுக்கு வரும். என் ரூமிலும் அதே லேபிலும் இருக்கிற ரம்யா இப்போது அந்த டின்னைக் காட்டி, உன் பேரில் ஏஜென்சி எடுத்திருக்கிறாயா என்று கேட்கிறாள்.

கன்சல்டன்சி பாஸ்கர் சார் ஒரிஜினல் வேண்டும் என்கிறார். பாஸ்போர்ட் எடுக்கும்போது பத்தாவது மார்க் ஷீட் போதும் என்றார்கள், தப்பித்தாய். இதற்கு ஜெராக்ஸ் நடக்காது. உணவுப் பரிசோதனை படிப்பு, இரண்டு வருஷம். காலேஜ் சீட் கொடுத்துவிட்டது. அங்கே போய்ப் படிக்க கனடாக்காரன் பர்மிட் கொடுக்க வேண்டும். மார்ச் கடைசிக்குள் ஃபைல் போடாவிட்டால் அந்த சீட் இன்னொருத்திக்குப் போய்விடும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்கிற மாதிரி பாஸ்கர் சார் தமிழில் டைப் பண்ணிக் கொடுத்தார். ‘எனக்குப் பிறந்த ஒரே குழந்தை துர்காதேவி’ என்று இருக்கும். கீழே கையெழுத்துப் போடு. அவர்கள் ஃபார்மில் கூடப்பிறந்தவர் பேரெல்லாம் கேட்கிறார்கள், இருப்பவர்கள், செத்தவர்கள் எல்லாரையும். நான் ‘யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டேன். அம்மா கையெழுத்தும் கூட இருந்தால் நல்லது என்கிறார்.

உனக்கு நான் போவது பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. பேப்பரை ஒளித்து வைக்காதே. எனக்கு ஒன்றும் இது புதுசு இல்லை. நான் எதிலாவது பாஸ் ஆனால் உன் முகம் ஒரு மாதிரி ஆகும், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். ஒவ்வொரு ஜூன் பதினொன்றும் என் பிறந்தநாளுக்கு நீ முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பிடம் நிற்பாய். மற்றப் பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் சாக்லெட் கொடுக்கும், நான் யூனிஃபார்மில் போவேன். ஒன்றாம் வகுப்பே படிக்காமல் என்னை ஏன் இரண்டாவதில் தள்ளினீர்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். வகுப்பிலேயே குட்டையானவள், எழுத்துக்கூட்டத் தெரியாதவள் நான்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் போர்டு தெரியாது, முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் அடி விழும்.

நைனா கேட்டால் சிரிப்பார். நீ சிரிக்கவும் மாட்டாய்.

துர்காதேவி


கும்மிடிப்பூண்டி
14.2.2025

தவுடு,

கூப்புடாதன்னு சொன்ன. இந்த ஒரு லெட்டர்ல கூப்ட்டுக்கறேன். ஏன் அந்தப் பேருன்னு இதுலயே சொல்லிடறேன்.

நீ அனுப்பின தாள வெச்சுக்கினு ரெண்டு நாளா ஒக்காந்திருக்கேன். ஒரே குழந்தைன்னு போட்டிருக்குது. பேனாவ வெச்சுப் பாத்தேன், ஓடல.

ஒனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா.

எழுதிட்டேன். இந்த ஊர்ல இது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு, நானும் நைனாவும். நைனா போனதும் நான் ஒருத்திதான். போன்ல சொல்ல முடியாது, இந்த லைன் ஊட்ல இருமினா நாலு ஊட்டுக்குக் கேக்கும்.

அவ பேருதான் துர்காதேவி. அரிசி டின்னுக்கு அடியில இருக்கறது அவ பேப்பரு. 2001, ஜூன் 11. பொன்னேரி ஆஸ்பத்திரியில பொறந்தா. அப்போ நாம ஏரிக்கு அந்தாண்ட குப்பத்துல இருந்தோம், நைனாவுக்கு வலை இருந்துச்சு, படகுல பங்கு இருந்துச்சு. பாலம் கெடையாது. எது வேணும்னாலும் படகுதான்.

அவளுக்கு ஒன்றர வயசு ஆவறப்போ கார்த்திகை மாசத்துல காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள் மழ. ஏரியும் கடலும் ஒண்ணாக் கெடந்துச்சு. ஒருத்தரும் படகு எடுக்க மாட்டேன்னாங்க. அஞ்சாம் நாள் காலையில நைனா கால்ல உழுந்து ஒரு படகக் கூட்டிக்கினு வந்தாரு. பாதி ஏரியில என் மடியில அவ கனம் மாறிப் போச்சு. புள்ளையத் தூக்கி வளத்தவளுக்குத் தெரியும், ஒருத்தர் சொல்ல வேணாம். நைனா துடுப்பத் துழாவிக்கினே இருந்தாரு. நான்தான் திருப்புன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகல, அதனால அவ செத்ததுக்கு ஒரு சீட்டும் இல்ல. அப்போ நீ வயித்துல ஆறு மாசம். படகு திரும்புறப்போ நீ ஒதச்ச. அந்த ஒதைய நான் இன்னும் மறக்கல, மன்னிக்கவும் இல்ல. தப்புதான்.

மூணு மாசம் கழிச்சு நீ ஊட்லயே பொறந்த. செத்த புள்ளைக்கு அடுத்தது பொறந்தா நம்ம குப்பத்துல முறத்துல போட்டு குப்பைமேட்டுல வெப்பாங்க. பக்கத்து ஊட்டு கங்கம்மா வந்து, யாரோ போட்டுட்டுப் போன புள்ளன்னு எடுத்துக்கினா. நான் ஒரு படி தவுடு குடுத்து அவ கிட்ட இருந்து ஒன்ன வாங்கினேன். எமனுக்கு இது இந்த சம்பூர்ணம் பெத்த புள்ளன்னு தெரியக் கூடாதாம். அதான் தவுடு. ஒங்க நைனாவுக்கு ஏன் குப்பன்னு பேரு, என்னிக்காவது கேட்டியா. அவருக்கு முன்னாடியும் ஒண்ணு போயிருக்குது.

ஒனக்கு அஞ்சு வயசு ஆவறப்போ அவரால ஏரியப் பாக்க முடியலன்னு இங்க சிப்காட்ல இரும்பு கம்பெனிக்கு வந்துட்டாரு. ஒன்ன இஸ்கூல்ல சேக்கப் போனா சர்டிபிகேட் கேட்டாங்க. ஒனக்கு ஏது. நைனா சொன்னாரு, ஊட்ல ஒரு பேப்பர் சும்மாதானே கெடக்குது. நான் வாயத் தொறக்கல. பெரிய வாத்தியாரு தேதியப் பாத்துட்டு, ஏழு வயசாச்சு, இத்தினி நாள் இன்னா பண்ணீங்க, ரெண்டாவதுல போடறேன்னாரு. ஒன்னப் பாத்து, துர்காதேவியான்னு கேட்டாரு. நீ, இல்ல தவுடுன்ன. நான் தொடையில கிள்ளினேன். நீ அழுதுக்கினே, துர்காதேவின்னு சொன்ன.

அதுக்கப்புறம் ஒன் கூடப் படிச்சதுங்க எல்லாம் வயசுக்கு வந்துச்சு, நீ வரல. ஏம்மா டாக்டருகிட்ட காட்டலியான்னு டீச்சர் கேட்டாங்க. வரும் டீச்சர், எங்க வம்சத்துல லேட்டுன்னு சொல்லிட்டு வந்தேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதோட முடியட்டும். ஒன் மார்க் ஷீட் வரப்போ எல்லாம் எனக்கு மொதல்ல அவ பாஸ் பண்ணிட்டான்னுதான் தோணும். பேரு அவளோடதுதானே. நீ பாஸ் பண்ணது அப்புறம்தான் தோணும். நீ பாத்த மூஞ்சி அதுதான்.

அவளுக்குப் போட்டோ இல்ல. துணியெல்லாம் அவ கூடவே போட்டுப் பொதச்சிட்டோம். அந்தப் பேப்பர் ஒண்ணுதான் அவ இருந்தான்னு சொல்லுது. அதையும் நீ எடுத்துக்கினு கனடா போயிட்டா இங்க எனக்கு இன்னா இருக்குது.

அம்மா


வேப்பம்பட்டு
2.3.2025

அம்மா,

பன்னிரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பாஸ்கர் சாரிடம் என் தோழி ஒருத்தியின் கதை மாதிரிக் கேட்டேன். செத்ததற்கு சர்டிபிகேட் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பேப்பரே இல்லாத ஆளை எதற்கும்மா எழுதணும், விடச் சொல்லு என்றார். அவருக்குச் சுலபம். நான் ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருந்த இடத்தை அழித்துவிட்டேன். காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. இப்போது பாலம் இருக்கிறது. நடந்து கடந்தேன், ஏழு நிமிஷம். ஏழே நிமிஷம் அம்மா.

நீ சொன்ன கங்கம்மா இருக்கிறார்கள். வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், சம்பூர்ணம் பொண்ணு தவுடுதானே நீ என்றார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என்னைச் சரியாகக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அங்கே நான் துர்காதேவி என்று யாருக்குமே தெரியாது. அங்கே துர்காதேவி என்றால் அவள்தான். சுருட்டை முடி, தண்ணீரைக் கண்டால் சிரிப்பாள் என்றார்கள். நீ எனக்கு இதைக்கூட எழுதவில்லை.

புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். சவுக்குத் தோப்பு இருந்த இடம் வரைக்கும் கூட்டிப் போனார்கள். தோப்பு இல்லை. கடல் உள்ளே வந்துவிட்டது. தண்ணீரைக் கையால் காட்டி, இங்கேதான் எங்கேயோ என்றார்கள்.

நான் படித்தது எல்லாம் யாருக்கு அம்மா. இரண்டாம் வகுப்பில் வாங்கின அடி என் முதுகில்தானே விழுந்தது. அதற்கும் அவள் பேர் போட்டுக்கொள்வாயா. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் யாரோ என் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்க நிற்கிற மாதிரி இருக்கிறது. ரம்யா லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கு என்கிறாள்.

நான் என்றைக்குப் பிறந்தேன். அதையாவது எழுது.


கும்மிடிப்பூண்டி
8.3.2025

தவுடு,

நீ லெட்டர்ல பேரே போடல. எந்தப் பேர் போடறதுன்னு தெரியலியா. பரவாயில்ல.

நீ பொறந்தது மாசி மகத்துக்கு மொத நாள். இங்கிலீஷ் தேதி எனக்குத் தெரியாது, சாமி எல்லாம் கடலுக்கு வரதுக்கு பந்தல் போட்டுக்கினு இருந்தாங்க. வருஷா வருஷம் மாசியில ஒரு நாள் காரணமில்லாம ஒனக்கு எண்ண தேச்சு தலைக்கு ஊத்தி பாயசம் வெப்பேனே, எதுக்கும்மான்னு கேப்ப, சும்மாடின்னு சொல்லுவேனே. அதான். யூனிபாரத்துல போன நாள் அவளோடது. ஒன்னோட நாள நான் ஒரு வருஷமும் உடல.

வர புதன்கிழம மாசி மகம். செவ்வாக்கிழம லீவு போட்டுட்டு வா.

ஒன் லெட்டர் வந்ததுக்கப்புறம் ஒரு காரியம் பண்ணேன். வேலைக்கு மட்டம் போட்டுட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். மூத்தவ செத்துட்டான்னு பதிஞ்சு வாங்கிட்டா நீ அந்த எடத்துல அவளத் தைரியமா எழுதலாமேன்னு நெனச்சேன். வாசல்ல மனு எழுதற மணவாளன்னு ஒருத்தரு. எல்லாத்தையும் கேட்டாரு. பேரு இன்னான்னாரு, சொன்னேன். பொறந்த தேதி சொன்னேன். இப்போ இருக்கற பொண்ணு பேரு, தேதி கேட்டாரு. அதையே சொன்னேன். பேனாவ மூடி சட்டையில வெச்சுக்கினாரு.

“ஏம்மா, இந்தப் பேர்ல இந்தத் தேதியில பொறந்தது செத்துப் போச்சுன்னு நான் எழுதிட்டா, உம் பொண்ணு கையில இருக்கற அத்தினி பேப்பரும் செத்தவளோடது ஆயிடும். ஒருத்தியப் பொதைக்கப் போயி ரெண்டு பேரையும் பொதைச்சிடாத. ஊட்டுக்குப் போ.”

வந்துட்டேன். இருவத்திரெண்டு வருஷமா செத்தவள நெனச்சு அழுதேன். பேப்பர்ல அவ சாகவே முடியாதாம். நீ இருக்கற வரைக்கும் அவளும் இருப்பாளாம். அந்த பஸ்ல வரப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சா பயமா இருந்துச்சான்னு இப்பவும் சொல்லத் தெரியல.

சுருட்ட முடிதான். ஒனக்கு எழுதினா நீ சீப்ப எடுத்து ஒன் முடியப் பாப்பேன்னு எழுதல.

அம்மா


வேப்பம்பட்டு
23.3.2025

அம்மா,

செவ்வாய்க்கிழமை பாயசம் நன்றாக இருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது உன் கை மட்டும் என் தலையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சொல்லத்தான் வந்தேன், சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

பாஸ்கர் சார் தோழி கதையை நம்பவில்லை. நேராகவே கேட்டார், சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். சம்பூர்ணத்துக்கு இரண்டு பெண், ஒன்று சின்னதிலேயே செத்துப் போனது. இதை எழுதினால் பொய் இல்லை. மூத்தவள் துர்காதேவி உயிரோடு இருக்கிறாள், அது நான். இளையவள் வீட்டில் பிறந்தாள், பதியவில்லை, ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாம் உண்மை, ஆள் மட்டும் இடம் மாறுகிறது என்றார்.

செத்தவளுக்கு ஒரு பேர் வேண்டும் என்றார். துர்காதேவியை இரண்டு தடவை எழுத முடியாது. என்னிடம் இருக்கிற இன்னொரு பேர் ஒன்றுதான். பிறந்த தேதிக்கு நெட்டில் பழைய மாசி மகம் பார்த்து, அதற்கு முதல் நாளை எடுத்துக்கொண்டேன். 16.2.2003.

அப்படியே டைப் பண்ணி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து, ஒரு சாட்சி கையெழுத்து. உண்மையை உண்மையாகவே எழுதினால் என்ன என்று கேட்டேன். பத்தாவதிலிருந்து பாஸ்போர்ட் வரை எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும், கனடா இருக்கட்டும், இங்கே இருக்கிற வேலையே நிலைக்காது என்றார்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீ போடாவிட்டால் நான் ஃபைல் போடமாட்டேன், லேபிலேயே இருந்துகொள்வேன். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாக.

ஆனால் எனக்குப் போகவேண்டும் அம்மா. அவள் பேரில் என்றாலும் பரவாயில்லை.


கும்மிடிப்பூண்டி
27.3.2025

தவுடு,

போட்டுட்டேன். தாளும் இதுல இருக்குது, பர்த் சர்டிபிகேட்டும் இருக்குது. நடு மடிப்பு கிழியற மாதிரி இருக்கும், பாத்துப் பிரி.

மொதல்ல முடியாதுன்னு எழுதத்தான் ஒக்காந்தேன். பெத்தவ கையால, உயிரோட இருக்கற புள்ள செத்துப் போச்சுன்னு எழுதிக் குடுக்கறதா. ஒன்ன எமன்கிட்ட மறைக்கத்தான் தவுடு குடுத்து வாங்கினேன். இப்போ நானே பேரு, தேதி போட்டுக் காட்டிக் குடுக்கறேன்.

சாட்சிக்கு ரோஜாவக் கூப்ட்டேன். அவ தாளப் படிச்சுட்டு, “யக்கா, இன்னாக்கா இது, நம்ம தவுடு செத்துப் போச்சுன்னு போட்டிருக்குது”ன்னு கையக் கீழ போட்டா. ஆபீசுக்குடின்னேன். ஆபீசுக்குன்னா சாகடிப்பியான்னா. போடமாட்டேன்னு ஊட்டுக்குப் போயிட்டா. அப்புறம் உப்பு மொளகா எடுத்துக்கினு வந்து அந்தத் தாளச் சுத்திப் போட்டுட்டு, கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டா. கோணலா இருக்கும். கனடாக்காரன் கேட்டா கண்ண மூடிக்கினு போட்டதுன்னு சொல்லு.

நான் கண்ணத் தொறந்துக்கினுதான் போட்டேன். நான் ஒருத்தி பாக்கணுமே. நீ போவணும்னு எழுதின பாரு, அதுக்குத்தான். நீ எதையும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல.

மூத்தவ கிட்டயும் சொல்லிட்டேன், ஒன் பேப்பரு போவுதுடின்னு. வழக்கமா மத்தியானத்துல அரிசி டின்னு பக்கம் அவ கால் தண்டைச் சத்தம் கேக்கும் எனக்கு. நைனா இருந்த வரைக்கும் அவருக்கும் கேக்கும், ரெண்டு பேரும் சொல்லிக்க மாட்டோம். இன்னிக்குக் கேக்கல.

அம்மா


கனடா
31.8.2025

அம்மா,

வீடியோ காலில் ரூம், ஃப்ரிட்ஜ், ரோடு எல்லாம் காட்டிவிட்டேன். ரோஜா அக்கா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

ஏர்போர்ட்டில் பர்மிட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேர், அவள் தேதி, என் முகம். பின் பண்ணி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன்.

காலேஜில் முதல் நாள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஒரு தங்கை இருந்தாள், சின்ன வயதிலேயே போய்விட்டாள் என்றேன். ஃபார்மில் எழுதினதையே சொல்லிவிட வேண்டும் என்று பயம். பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பேர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகை. யாருக்காக என்று கேட்டால் தெரியாது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அதுதான் பயமாக இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் நான் துர்கா. தவுடு என்று கூப்பிட ஒருத்தர் இல்லை. முன்னே கூப்பிடாதே என்று சண்டை போட்டேன், இப்போது கேட்கிறேன். நீ போனில்கூட அந்தப் பேரைச் சொல்வதில்லை, கண்ணு கண்ணு என்கிறாய். ஒரு தடவை கூப்பிடு அம்மா. நான் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டும்.


கும்மிடிப்பூண்டி
28.9.2025

கண்ணு,

ஒன் லெட்டர் வந்து நாலு நாளாச்சு. பதினாறு தடவ படிச்சுட்டேன். போன்ல நீ கேப்பேன்னு பயந்துக்கினு ரெண்டு நாளா போன ரோஜா ஊட்ல குடுத்து வெச்சிருக்கேன். சார்ஜ் இல்லன்னு சொல்லச் சொன்னேன். செத்துப் போச்சுன்னு கையெழுத்துப் போட்ட பேர வெச்சு ஒன்னக் கூப்புட வாய் வரல, கோச்சுக்காத.

நீ போனதுலருந்து மூத்தவ சத்தம் இந்த ஊட்ல சுத்தமா இல்ல. பேப்பரு கூடவே போயிட்டா போல. போகட்டும், ஒன் கூடத் தொணைக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். தனியாத்தான் இருந்தேன். அப்புறம் ஆவணி கடைசியிலருந்து வேற சத்தம்.

காலையில கம்பெனி போயிட்டு ரெண்டு மணிக்கு வருவேன். பூட்டத் தொறக்கறப்போ உள்ள யாரோ சிலேட்டுல எழுதற மாதிரி கேக்கும். பலப்பம் கீச்சுன்னு இழுக்கும், நிக்கும், எச்சியத் தொட்டு அழிக்கற மாதிரி இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரியாத புள்ள எழுதற மாதிரி. ரெண்டு நாள் எலின்னு நெனச்சேன். மூணாம் நாள் மூக்க உறிஞ்சற சத்தம். அது ஒன்னோடது. ஒன் சளிச் சத்தம் எனக்குத் தெரியாதா. ரெண்டாவது படிக்கறப்போ அடி வாங்கிக்கினு வந்து மூலையில ஒக்காந்து நீ அப்படித்தான் உறிஞ்சுவ.

மூத்தவ தண்டையோட வந்தப்போ எனக்கு பயம் இல்ல. அவ செத்தவ, வரலாம். நீ எப்படி வருவ.

ரோஜாகிட்ட சொன்னேன். பொண்ணு ஞாபகம்க்கா, கோயிலுக்குப் போயிட்டு வான்னா. போயிட்டு வந்தேன். அன்னிக்கும் கேட்டுச்சு.

நேத்து மத்தியானம் ஒன் லெட்டர மடியில வெச்சுக்கினு யோசிச்சேன். எம் பொண்ணு கேட்டிருக்குது, ஒரு தடவ கூப்புடுன்னு. போன்ல கூப்புட பயம்னா இங்கயே கூப்ட்டுப் பாக்கலாம், காத்துல போயி சேரட்டும்னு தோணுச்சு. கதவச் சாத்தினேன். மெதுவாத்தான் கூப்ட்டேன், தவுடுன்னு.

பின்னாடி கழுவற எடத்துலருந்து, இன்னாம்மான்னு ஒரு கொரலு.

ஒன் கொரலுதான். அஞ்சு வயசுக் கொரலு. பெரிய வாத்தியாரு கிட்ட, இல்லன்னு சொன்னியே, அந்தக் கொரலு. நான் எழுந்திருக்கல. அது கொஞ்ச நேரம் காத்துக்கினு இருந்துட்டு திரும்பவும் பலப்பத்த எடுத்துச்சு.

நீ அங்க நல்லாத்தான் இருக்கிற. காலையில ரோஜா ஒன் கூடப் பேசறப்போ பின்னாடி மறைஞ்சு நின்னு போன்ல ஒன் மூஞ்சியப் பாத்தேன், மூச்சு உடறதப் பாத்தேன், கன்னம் கூட வெச்சிருக்குது. நான் கையெழுத்துப் போட்டது வெறும் தாள்ல. அப்போ நீ அங்க இருக்கறப்போ, நான் கூப்ட்டதுக்கு இங்க பதில் சொன்னது யாருடி?